தீப்பெட்டிக்கு என்ன தெரியும்?

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த அறிவியல் பிரசார நிலையத்தில் அவள் இப்போது இருக்கிறாள். நம் தமிழ்க்காரிதான், எர்ணாகுளத்தில் பிறந்து வளர்ந்தவள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பள்ளிக்கூடம், நூலகம், சங்கம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். "ஆன்ட்டி, நீங்க சேர்ந்த காலத்துல நம்ம ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லையாமே. அப்போ எதை வெச்சு ஆளுகளுக்கு விளக்கினீங்க?" என்று கேட்டாள்.

"தீப்பெட்டியை வெச்சு," என்றேன்.

கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். மறை எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை ஆற அமர இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் மட்டாஞ்சேரிக்காரி. பாலக்காட்டிலிருந்து பிழைக்க வந்து அப்படியே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பக்கத்து வீட்டில் கொங்கணி, எதிர்க்கடையில் குஜராத்தி. ஒரே விஷயத்தை நாலு பேரிடம் நாலு விதமாகச் சொல்லத் தெரியாவிட்டால் எங்கள் தெருவில் துவரம்பருப்புகூட வாங்க முடியாது. இந்த வேலைக்கு அதைத் தவிர எனக்குப் பெரிய தகுதி எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. தினமும் போட்டில் எர்ணாகுளம் போய்க் கணிதம் படித்தேன். எழுபதுகளின் பின்பாதியில் நிலையத்தில் 'விளக்குநர்' என்று வேலை கிடைத்தது. அப்பாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. "விளக்கறதுக்கு ஆள் எடுக்கறாளா? என்னத்தை, பாத்திரத்தையா?" என்று கேட்டார். யாராவது விசாரித்தால் "பொண்ணு கவர்மென்ட் மாதிரி ஒரு இடத்துல இருக்கா" என்று மழுப்பிவிடுவார்.

முதல் சில வருடங்கள் கிரகணம், இரத்த வகை, கொதிக்கவைத்த தண்ணீர் என்று போயின. கிரகணம் முடிந்த பிறகு சமைக்கலாமா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை பழகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது ஏலியாஸ் சாரைப் பற்றி.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, "அங்கே எல்லாரும் தலையாட்டறாங்க, சகிக்கல" என்று விட்டுவிட்டு வந்தவர். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். அது தமிழ் என்பது அவருடைய கட்சி. நாங்கள் எதை விளக்கப் போனாலும் முதலில் அவருக்கு விளக்கிக் காட்ட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி பெஞ்சில் ஒரு காலை மடித்து உட்கார்ந்துகொள்வார். அதற்குப் பிறகு அவர் இயற்பியல் படித்தவர் இல்லை. ஒரு நாள் மீன்காரர், ஒரு நாள் மடத்துக் கன்னியாஸ்திரி, ஒரு நாள் காது மந்தமான ரிட்டயர்ட் தாசில்தார். "மனசிலாயில்ல", புரியவில்லை என்பார். மறுபடி சொல்வோம். "மனசிலாயில்ல." இன்னொரு விதமாகச் சொல்வோம். அழுகை வரும் கட்டத்தில் "இப்போ கொஞ்சம் மனசிலாயி" என்று சொல்லிவிட்டு, எந்த இடத்தில் புரிய ஆரம்பித்தது என்று திருப்பிச் சொல்லுவார். நாங்கள் எதை முக்கியம் என்று நினைத்தோமோ அந்த இடமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

கூட்டத்தில் யாராவது தலையாட்டினால் உடனே நிறுத்திவிட்டு அவரிடமே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். மரியாதைக்கு ஆடும் தலை, பசிக்கு ஆடும் தலை, புரிந்து ஆடும் தலை எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான் என்பார். இன்னொரு சட்டம், பார்க்க வருகிறவர் கேட்கும் கேள்விக்கு அவர் எங்களுக்காகப் பதில் சொல்லமாட்டார். நாங்கள் நடுக்கடலில் தத்தளித்தாலும் சரி, கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கம்ப்யூட்டர் பற்றிப் பேச ஆரம்பித்தபோது மூன்றாவதாக ஒரு சட்டம் வந்தது. இயந்திரம் நினைக்கும், இயந்திரத்துக்குத் தெரியும், இயந்திரம் ஆசைப்படும் என்று நாங்கள் பேசக்கூடாது. ஒருமுறை சொன்னால், நாலு மணிச் சாயாவோடு வரும் எங்கள் பழம்பொரியில் ஒன்று அவருக்குப் போய்விடும். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அந்தச் சனியனுக்காகவே ஆபீசுக்கு வருகிறவள் நான். சொல்லிப் பாருங்கள், கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசும்போது அந்த வார்த்தைகள் இல்லாமல் ஒரு வாக்கியம் நிமிர்ந்து நிற்காது. முதல் மாதம் நான் வெறும் சாயா குடித்தே வீட்டுக்குப் போனேன்.

இது என்ன வீம்பு என்று நினைத்ததுண்டு. வைப்பின் தீவில் அதற்கு விடை கிடைத்தது. படகில் படங்களை ஏற்றிக்கொண்டு போய் அங்கே ஒரு சர்ச் வளாகத்தில் கம்ப்யூட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் ஒரு சேச்சி எழுந்து, "இதினு விசக்குமோ மோளே?" என்று கேட்டார். இதற்குப் பசிக்குமா மகளே என்கிறார். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டு, "விசக்கும் சேச்சி, கரண்டு தின்னும்" என்றேன். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்ததும் அதே சேச்சி தனியே வந்து, சாப்பாடு தாமதமானால் அதற்குக் கோபம் வருமா, கோபத்தில் தப்புக் கணக்குப் போடுமா என்று நிஜமான கவலையோடு விசாரித்தார். கம்ப்யூட்டர் வரப்போவதாகப் பேச்சிருந்த பக்கத்துத் தெரு பேங்கில் அவருடைய சேமிப்பு இருந்தது. அன்றைக்கு சார் என் தட்டைக் காலி செய்துவிட்டு, "நீ சிரிப்பு கொடுத்தே. அவங்க வீட்டுக்குக் கொண்டுபோனது வயிறு" என்றார்.

நாங்களே கம்ப்யூட்டரைப் பார்த்தது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். எர்ணாகுளத்தில் ஒரு பெரிய அலுவலகத்தில் குளிர் அறைக்குள் அதை வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலா இது என்று கேட்க வாய் வரை வந்தது, சார் முறைத்ததால் விட்டுவிட்டேன். வெளியே வேலை போய்விடும் என்று கம்ப்யூட்டருக்கு எதிராக ஊர்வலம் போன காலம் அது. நாங்கள் ஆதரவாகப் பேச வந்தவர்கள் என்று தோப்பும்படியில் ஒரு பட்டறைக்காரர் பெஞ்சைத் தர மறுத்துவிட்டார். அரை மணி நேரம் எங்களைக் கேட்டுவிட்டு, "நிங்ஙள் ஒந்நும் பறயுந்நில்லல்லோ", நீங்கள் ஒன்றும் சொல்லக் காணோமே என்று ஏமாற்றத்தோடு பெஞ்சைக் கொடுத்தார். ஆதரவோ எதிர்ப்போ, ஒரு பக்கம் பேசியிருந்தால் அவருக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இயந்திரங்கள் தாமாகக் கற்றுக்கொள்வது பற்றி உலகத்தில் நடக்கும் ஆராய்ச்சியை மக்களுக்கு விளக்க வேண்டும், முதலில் மட்டாஞ்சேரியில். சார் கொஞ்ச நாள் எதையெதையோ படித்தார். பிறகு ஒரு காலையில் பை நிறையத் தீப்பெட்டிகளோடு வந்தார். குச்சிகளை எல்லாம் கொட்டி ஆபீஸ் அடுப்படிக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்த விளையாட்டை நான் இன்றும் யாருக்கும் சொல்லித்தருவேன். மேசையில் பத்து ஈர்க்குச்சி. இரண்டு பேர் ஆடலாம். ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி. இதில் ஒரு ஆள் நீங்கள். இன்னொரு ஆள் வரிசையாக அடுக்கிவைத்த பத்துத் தீப்பெட்டிகள். பெட்டிகளின் மேல் ஒன்று முதல் பத்துவரை எண் எழுதியிருக்கும். ஒன்றாம் எண் பெட்டியில் கருமிளகு மட்டும், மற்ற ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கருமிளகு, கொஞ்சம் வெள்ளைமிளகு. ஆட்டத்தை எப்போதும் பெட்டிகள்தான் தொடங்கும். பெட்டிகளின் முறை வந்தால், மேசையில் எத்தனை குச்சி மிச்சமோ அந்த எண்ணுள்ள பெட்டியைக் குலுக்கி, பார்க்காமல் ஒரு மணியை எடுக்க வேண்டும். கருப்பு வந்தால் ஒரு குச்சி, வெள்ளை வந்தால் இரண்டு. எடுத்த மணியை அந்தப் பெட்டியின் முன்னால் வைத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும்தான் பாடம். பெட்டிகள் தோற்றிருந்தால் முன்னால் வைத்த மணிகளைத் தூக்கி எறிந்துவிடுவோம். ஜெயித்திருந்தால் அவற்றைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றும் கூடப் போடுவோம். அவ்வளவுதான். தோற்கவைத்த மிளகு குறையும், ஜெயிக்கவைத்த மிளகு பெருகும்.

தினமும் காலையில் பெட்டிகளைக் கொட்டி, சரிபாதியாக நிரப்பி, புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது சார் வகுத்த முறை. முட்டாளாக இருப்பதை ஜனங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பார். காலையில் வருகிறவர்கள் எளிதாக ஜெயித்து, மீசையை முறுக்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் மச்சானையும் மாமனையும் அழைத்துவந்து காட்டப் பார்ப்பார்கள். அதற்குள் பெட்டிகள் தேறியிருக்கும். மச்சான் முன்னால் தோற்றவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! சில நேரம் ஒரு பெட்டி தோற்றுத் தோற்றுக் காலியாகிவிடும். அப்போது விளக்குநர் பெட்டியைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டி, அதன் சார்பில் "தெரியாது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கு மட்டும் பழம்பொரி அபராதம் கிடையாது.

எல்லாம் சரியாக இருந்தது, பேனரைத் தவிர. அது தலைமை அலுவலகத்திலிருந்து எழுதியே வந்துவிட்டது. 'கிருத்ரிம புத்தி' என்று ஆள் உயர எழுத்தில் மலையாளத்தில் இருந்தது. செயற்கையான அறிவு என்று பொருள். இப்போது மலையாளத்தில் வேறு நல்ல சொல் வந்துவிட்டது. அன்றைக்கு அகராதி பார்த்து எழுதியிருக்கிறார்கள், மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டைப் பார்த்து எழுதவில்லை. பஜாரில் கிருத்ரிமம் என்றால் கள்ளத்தனம். எடையில், சரக்கில், கணக்கில் செய்கிற திருட்டு வேலை. எங்கள் வீட்டிலும் அம்மா கோபம் வந்தால் 'கிருத்திரமம் பிடிச்சவளே' என்றுதான் என்னைத் திட்டுவாள். நாங்கள் மேசை போட்டிருந்த பழைய பண்டகசாலையின் வாசலில், மிளகும் இஞ்சியும் சுமந்து போகிறவர்களின் தலைக்கு மேலே, அந்தப் பேனர் ஆடியது. கள்ள புத்தியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாள் சிரித்தார்கள். அடுத்த நாள் பேச்சு மாறியது. கள்ளத்தனத்தைக் கண்டுபிடிக்கிற புத்தியாம், பெட்டிக்குள் இருக்கிறதாம், யாராலும் அதை ஜெயிக்க முடியவில்லையாம் என்று பஜார் முழுக்கப் பரவிவிட்டது. எங்களுக்குக் கூட்டம் ஏன் இப்படி நெரிகிறது என்று புரியாமல், நம் சாமர்த்தியம் என்று நானும் கொஞ்சம் பூரித்துப்போனேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குஞ்ஞப்பன் முதலாளி வந்தார். நாலு கட்டிடம் தள்ளி மிளகுக் கிடங்கு வைத்திருந்தவர். பருத்த உடம்பு, மெல்லிய குரல். அவருக்குப் பின்னால் அவருடைய கிடங்கில் மிளகு பொறுக்கிச் சுத்தம் செய்யும் மூன்று பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் லெட்சுமி அக்கா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். கணவர் இல்லை. ஒரு மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார், இன்னொருத்தி வீட்டில் இருந்தாள். எப்போது பார்த்தாலும் என்னைச் சீண்டாமல் போகமாட்டார். அன்றைக்கு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதலாளி விஷயத்தைச் சொன்னார். இந்த மூன்று பேரும் சுத்தம் செய்து தைத்துக் கொடுத்த ஒரு மூட்டையில், வாங்குகிறவர் பரிசோதித்தபோது பப்பாளி விதை இருந்திருக்கிறது. காய்ந்த பப்பாளி விதை மிளகைப் போலவே இருக்கும், அது அந்த வியாபாரத்தின் பழைய தலைவலி. மூவரில் யாரோ மிளகை எடுத்துக்கொண்டு விதையைப் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. "பெட்டியோடு சோதிச்சு நோக்கு மோளே. ஆராணு கிருத்ரிமம் காணிச்சதென்னு அது பறயட்டே. பறஞ்ஞ ஆளு நாளெ முதல் வரண்டா" என்றார். கள்ளத்தனம் செய்தது யார் என்று பெட்டியிடம் கேட்கச் சொல்கிறார், அது யார் பெயரைச் சொல்கிறதோ அவளுக்கு நாளை முதல் வேலை இல்லை. அவர் கேலி செய்யவில்லை, ஒரு நியாயத்துக்காகத்தான் வந்திருந்தார். கேலியாக இருந்திருந்தால் சிரித்து அனுப்பியிருப்பேன்.

கூட்டம் எங்களைச் சுற்றி நெருங்கியது. அன்று மதியத்திலிருந்து பெட்டிகள் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவரை நான் மனதுக்குள் திட்டிய திட்டை எழுத முடியாது.

"முதலாளி, இதுக்கு அதெல்லாம் தெரியாது. குச்சி விளையாட்டு மட்டும்தான்," என்றேன்.

"தெரியாத்ததோ? உச்ச முதல் எல்லாரெயும் தோல்பிச்சதல்லே?" மதியத்திலிருந்து எல்லாரையும் தோற்கடித்ததே என்று கேட்டார். பின்னால் யாரோ, "அவங்களுக்குச் சொல்ல மனசில்லை" என்றார். இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, நான் எதையோ மறைப்பதாகவே அவர்களுக்குப் பட்டது.

சொல்லிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து முதலாளி கையில் கொடுத்தேன். திறந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே ஒன்றுமில்லை. "தெரியாது" என்று சத்தமாகச் சொன்னேன். "எந்தெங்கிலும் இடணம், அல்லே?" என்று அவரே கேட்டார். ஏதாவது போட வேண்டுமே என்கிறார். சரி என்று மூன்று மணிகளைப் போட்டேன். கருமிளகு லெட்சுமி அக்கா, வெள்ளைமிளகு இரண்டாமவர், ஒரு மல்லி விதை மூன்றாமவர். எது வந்தாலும் அது வெறும் குலுக்கல் என்று கூட்டத்துக்குப் புரிந்துவிடும், சிரித்துக்கொண்டே கலைந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ வேண்டிக்கொண்டு, குலுக்கி எடுத்தார். கருமிளகு.

யாரும் சிரிக்கவில்லை. "கண்டோ!" என்றது கூட்டம். பார்த்தாயா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என் கையால் நானே லெட்சுமி அக்காவை மாட்டிவிட்டேன். அதைவிடக் கொடுமை, அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எதிர்பார்த்திருந்த செய்தியைக் கேட்டவராகத் தலையை ஆட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்து, "முதலாளி, நான்..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா, சும்மா இருங்க!" என்று கத்தினேன். அத்தனை பேர் நடுவில் ஒரு பெரியவளை அதட்டிவிட்டேன். பரவாயில்லை. அந்த வாக்கியம் முடிந்திருந்தால் அதைத் திரும்ப வாங்க யாராலும் முடிந்திருக்காது.

மணியைத் திரும்பப் போட்டு, "இன்னொரு தரம் எடுங்க முதலாளி" என்றேன். மல்லி வந்தது. "இன்னொரு தரம்." மறுபடி மல்லி. "இன்னும் ஒண்ணு." வெள்ளை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தர் திருடினாரா மூணு பேருமா என்று ஒருவர் கேட்டார், பெட்டிக்குக் கிறுக்கு என்று இன்னொருவர் சொன்னார். நான் பெட்டியைக் கையில் கொட்டிக் காலி செய்தேன். பக்கத்து மேசையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த கிராம்பை ஒரு சிட்டிகை அள்ளி அதில் நிரப்பினேன்.

"இப்போ இதுல கிராம்பு மட்டும்தான் இருக்கு. கிராம்புன்னா முதலாளி. எடுங்க," என்றேன்.

முதலாளி பெட்டியை வாங்கினார். குலுக்கவில்லை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளிப் பெட்டியை மூடினார். அப்போதுதான் முதல் சிரிப்பு எழுந்தது. சுமைக்காரர் ஒருவர், "எடுக்கு முதலாளி, பேடிக்கண்டா!" என்றார். பயப்படாமல் எடுக்கச் சொல்கிறார். எனக்கு உயிர் வந்தது.

"யாராவது உள்ள போட்டதைத்தான் இது வெளியே சொல்லும் முதலாளி. எங்க குச்சி விளையாட்டும் அப்படித்தான். தோத்தது எது, ஜெயிச்சது எதுன்னு நாங்க பக்கத்துல நின்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்குடுத்தோம். உங்க கிடங்குல அன்னிக்கு என்ன நடந்துதுன்னு இதுகிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

பதில் வந்தது வேறு இடத்திலிருந்து. லெட்சுமி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"முதலாளி, நாங்க மூணு பேர்ல ஒருத்திதான்னு உங்களோட ஆரு பறஞ்ஞது?"

"கணக்கப்பிள்ள பறஞ்ஞு."

"கணக்கப்பிள்ளையோட ஆரு பறஞ்ஞது?"

யார் சொன்னது என்ற அந்தக் கேள்வியையே கூட்டத்தில் சிலர் "ஆரு பறஞ்ஞது, ஆரு பறஞ்ஞது" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். மலையிலிருந்து வரும்போதே அந்த மூட்டையில் விதை இருந்திருக்கலாம், கிடங்கில் யாரும் கலந்திருக்கலாம், யாரும் எதையும் கலக்காமல் கண்ணுக்குத் தப்பியும் இருந்திருக்கலாம். அது எதையும் முதலாளி யோசிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நல்ல மனுஷன், நடிக்கத் தெரியாது.

லெட்சுமி அக்கா அத்தோடு விடவில்லை. "நான் ஒரு மணி எடுக்கலே முதலாளி. இவங்களும் எடுக்கலே, நான் பக்கத்துலதான் இருந்தேன். ஆனா என் கண்ணு பழைய மாதிரி இல்லே. கிட்டத்துல இருக்கறது மங்குது. விதையை நான் பாக்காம விட்டிருந்தா, அது எனக்கே தெரியாது. தெரியாததை எப்படி உறப்பாச் சொல்லுவேன்?" என்றார். உறப்பு என்றால் நிச்சயம். அந்த ஒரு வார்த்தையை அவர் அழுத்திச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கண்ணு காணில்லெங்கில் அதங்ஙு பறயண்டே? கண்ணட வாங்ஙி வெக்கண்டே?" என்று சலித்துக்கொண்டார். கண் தெரியவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டாமா, கண்ணாடி வாங்கிப் போட வேண்டாமா என்று அவர் கோபித்துக்கொண்ட அழகில் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு மூவரையும் பார்த்து, "திங்களாழ்ச்ச நேரத்தே வரணம்" என்றார். திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு, கிராம்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. ஏலியாஸ் சார் அப்போதுதான் உத்தரத்திலிருந்து இறங்கிவந்தார். என்னிடம் நல்லது கெட்டது எதுவும் பேசவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, வாசலில் இருந்த பேனரைத் தானே அவிழ்த்தார். இனி 'படிக்கும் பெட்டி' என்று எழுதி மாட்டு, தலைமை அலுவலகத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சாயா வந்தபோது அவர் பழம்பொரியைத் தொடவேயில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கும் என்னைப் போலவே பயம் இருந்திருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு அவர் மேலிருந்த கோபம் போய்விட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் அந்தப் பெட்டிகளை வைத்தோம். உண்மையான கம்ப்யூட்டர்கள் வந்தன, மேசைக்கு மேசை வந்தன, நானும் தட்டச்சுப் பழகி அவற்றில் வேலை செய்தேன். ஒரு விளக்கம் ஒருவருக்குப் புரிந்ததா என்பதை அன்றைக்குப் பார்த்த அளவு தெளிவாக நான் பிறகு பார்த்ததில்லை. தொலைபேசியில் கேட்ட பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். உன்னிடம் இருக்கும் இயந்திரம் என் தீப்பெட்டியைவிடக் கோடி மடங்கு சாமர்த்தியம். ஆனால் அது சொன்னதால் ஒருவருடைய பிழைப்பு போகும் என்றால், அதற்கு யார் சொன்னார்கள் என்று கேட்கும் உரிமையை அந்த ஆளிடம் விட்டுவிட்டு வா என்றேன். "ஆன்ட்டி, எழுதிக்கறேன், மெதுவாச் சொல்லுங்க" என்றாள். தலையாட்டியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். அன்று சாயங்காலம் மற்ற இரண்டு பெண்களும் போன பிறகு லெட்சுமி அக்கா மட்டும் நின்றார். மேசைக்கு வந்து, கிராம்பைக் கொட்டிவிட்டு, அந்தத் தீப்பெட்டியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மோளே, நெசமா இதுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"ஒண்ணும் தெரியாது அக்கா."

"உறப்பா?"

"உறப்பா."

"பேனர் கட்டின அன்னிலேருந்து நான் உறங்கலே. கண்ணு மங்கினவ நான்தானே, எப்படியும் இது என் பேரைத்தான் சொல்லும், ஆளுக நடுவுல அது சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிரலாம்னுதான் வந்தேன். மகளோடயும் சொல்லிட்டுத்தான் வந்தேன், நாளைக்கு அம்மைக்கு வேலை இருக்காதுன்னு," என்றார். கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தது. "செய்யாத குத்தத்தை ஒரு காலித் தீப்பெட்டிகிட்ட வந்து ஒத்துக்க இருந்தேனே, மோளே!"

சிரிப்பு அவருக்கு அடங்கவில்லை. எனக்கும் அடங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகள் காத்திருப்பாள் என்று சொல்லி, பஜார் ரோட்டில் வேகமாக நடந்து போனார்.